பொருத்தச் சான்று

மருந்தக்காவின் தம்பிக்குப் போனில் பேச வராது. கப்பலில் எஞ்சின் அறை வேலை. அந்த இரைச்சலிலேயே வருஷக்கணக்காக இருந்து, எதையும் இரண்டு சொல்லில் கத்தி முடித்துவிடும் பழக்கம் வந்துவிட்டது. "சாப்பிட்டியாடா?" "சாப்பிட்டேன்." "உடம்பு?" "இருக்கு." அதற்கு மேல் இரண்டு பக்கமும் மூச்சுச் சத்தம்தான். அம்மா இறந்தபோது அவன் நடுக்கடலில் இருந்தான். வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்து, வாடகை நாற்காலிகளைக்கூடத் திருப்பிக் கொடுத்தாகிவிட்டது. அதன் பிறகு மூச்சுச் சத்தம் இன்னும் நீண்டது.

இந்த முறை விடுப்பில் வந்தவன், துறைமுகத்துக்குப் பக்கத்தில் தான் தங்கியிருக்கும் அறையிலிருந்து ஒரு நாள் அவனாகவே கூப்பிட்டான்.

"அக்கா, ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டு இருக்கு. ரெண்டு பேர் ஒரே கயித்தை இடுப்புல கட்டிக்கிட்டு பனிமலை ஏறணும். ஒருத்தர் வழுக்கினா இன்னொருத்தர் இழுக்கணும். நீ அங்கேயிருந்து, நான் இங்கேயிருந்து. சேர்ந்து ஆடலாமா?"

"எனக்கு என்னடா தெரியும் அதெல்லாம்?"

"ஒண்ணும் தெரிய வேணாம். நீ பாட்டுக்கு ஏறு. எனக்குக் கை வேலையா இருந்தா வாய் தானாப் பேசும்க்கா."

மருந்தக்கா ஒரு மருத்துவமனை வாசலில் இருக்கும் மருந்தகத்தில் மருந்தாளுநர். யாருடைய கையெழுத்தையும் படித்துவிடுவாள். தம்பி சொன்ன கடைசி வாக்கியத்தையும் சரியாகப் படித்தாள். அன்றைக்கே கணவரின் மடிக்கணினியில் அந்த விளையாட்டைப் போட்டுப் பார்த்தாள். மலை அசையவில்லை. கல்யாண ஆல்பத்தைப் புரட்டுவதுபோல ஒவ்வொரு படமாக வந்தது. முதல் படத்தில் தம்பி நின்றான். மூன்றாவது படத்தில் பள்ளத்தில் கிடந்தான். நடுவில் என்ன நடந்தது என்று தெரியவில்லை. மடிக்கணினி இஸ்திரிப் பெட்டியாகக் கொதித்தது.

"என் வேலையெல்லாம் இதுலதான் இருக்கு," என்றார் கணவர். "கொளுத்திடாதே."

"அதுக்குன்னு தனியா ஒண்ணு கட்டிக்கலாம்க்கா," என்றான் தம்பி. "பாகம் பாகமா வாங்கி மாட்டணும். அவ்வளவுதான். சுலபம்."

அவள் நம்பினாள். கப்பல் எஞ்சினைக் கழற்றி மாட்டுகிறவனுக்கு எதெல்லாம் சுலபம் என்று கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

ஊரில் கணினி உதிரிபாகம் விற்கும் கடை ஒன்றுதான். உள்ளே நுழைந்ததும் கண்ணில் பட்டது ஒரு அறிவிப்பு: 'பொருத்தச் சான்று இல்லாதவர்களுக்கு பாகம் தரப்பட மாட்டாது.'

"நானா வச்ச சட்டம்னு நினைக்காதீங்க," என்றார் கடைக்காரர். "ஆளாளுக்கு ஒண்ணு வாங்கிட்டுப் போய், இது அதுல மாட்டலை, அது இதுல நுழையலைன்னு திருப்பிக் கொண்டுவந்து கொட்டினாங்க. அதான் சங்கத்துகிட்ட விட்டுட்டேன். எதுக்கு எது பொருந்தும்னு அவங்க பாத்து ஒரு கையெழுத்துப் போட்டாங்கன்னா, நான் எடுத்துக் குடுத்துடுவேன்."

"சங்கத்துல கையெழுத்து வாங்க எவ்வளவு நாளாகும்?"

கடைக்காரர் யோசித்தார். "இதுவரைக்கும் யாரும் வாங்கிட்டு வரலை," என்றார்.

சரியான கணினித் தேர்வாளர் சங்கம் ஒரு டயர் கடையின் மாடியில் இயங்கியது. ஒரு நீள மேசை, மடக்கு நாற்காலிகள், மூலையில் ஒரு பழைய கணினி. அதில் செயலாளர் சீட்டுக்கட்டு அடுக்கி ஆடிக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் சீட்டை மறைத்துவிட்டு, போன கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பைத் திரைக்குக் கொண்டுவந்தார். மறைக்க அந்தக் கணினி சற்று நேரம் எடுத்துக்கொண்டது. அதுவரை இருவரும் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"முதல் கம்ப்யூட்டரா?" என்றார், முதல் பிரசவமா என்று கேட்கிற குரலில்.

"ஆமாங்க."

"நோக்கம்?"

"தம்பிகூட விளையாடணும்."

செயலாளர் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தார். "மேடம், நோக்கம்னா ஆளுங்களைச் சொல்லக் கூடாது. பிரேம் சொல்லணும். திரையில ஒரு நொடிக்கு எத்தனை படம் ஓடணும்? அதான் நோக்கம்."

"எத்தனை ஓடினா நாங்க விழாம ஏறலாம்?"

"விழறது ஏறுறது எல்லாம் உங்க சொந்த விவகாரம். சங்கம் அதுல தலையிடாது." பிறகு 'விண்ணப்பதாரருக்கு நோக்கம் இல்லை' என்று தட்டச்சு செய்தார். "சனிக்கிழமை கூட்டத்துக்கு வாங்க."

சனிக்கிழமை கூட்டத்தில் மேசைக்கு இடப்பக்கம் ஒரு கட்சி, வலப்பக்கம் ஒரு கட்சி. கணக்குப் போடும் பிராசசர்தான் மூளை, அதில்தான் காசைக் கொட்ட வேண்டும் என்பது இடப்பக்கத்தார் கொள்கை. படம் காட்டும் கிராபிக்ஸ் கார்டுதான் கண், கண் இல்லாமல் மூளை என்னத்தைப் பார்க்கும் என்பது வலப்பக்கத்தார் வாதம். ஒரே வீட்டில் பிறந்த அண்ணனும் தம்பியும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் ஒருவரோடொருவர் பேசி வருஷங்கள் ஆகின்றன என்று செயலாளர் பெருமையாகச் சொன்னார். "கொள்கைன்னு வந்துட்டா இங்க ரத்த சொந்தமெல்லாம் கிடையாது மேடம்."

தலைவர் எழுந்தார். காப்பீட்டு அலுவலகத்தில் விபத்துகளை மதிப்பிடும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கீழே டயர் கடையில் காற்றடிக்கும் சத்தம் அடங்கும்வரை காத்திருந்து பேசினார்.

"புதுசா வந்திருக்கிற இந்த அம்மாவுக்கு ஒரு விஷயம் சொல்லிக்கிறேன். வலுவான பிராசசருக்கு மெலிசான கார்டு போட்டா என்ன ஆகும்? இறுக்கம். வலுவான கார்டுக்கு மெலிசான பிராசசர் போட்டா? அதுவும் இறுக்கம். ஒண்ணு முன்னால ஓடப் பாக்கும், இன்னொண்ணு பிடிச்சு இழுக்கும். இந்த இறுக்கம் இல்லாத ஒரே ஒரு கம்ப்யூட்டர்தான் உலகத்துல இருக்கு. அது இன்னும் வாங்கப்படாத கம்ப்யூட்டர்." கைதட்டல். "அவசரக்காரன் வாங்கிட்டு விளையாடப் போயிடுறான். அவனுக்குத் தேர்வு செய்யற சந்தோஷமே தெரியாது. நம்ம சங்கம் விளையாடுறவங்களுக்காக ஆரம்பிச்சது இல்லை. அந்தக் களங்கம் நம்ம மேல இன்னிக்கு வரைக்கும் விழல."

மருந்தக்கா கையைத் தூக்கினாள். "தம்பி அடுத்த மாசம் கப்பலுக்குத் திரும்பிடுவான். அதுக்குள்ள..."

"அவசரம் தெரியுது," என்றார் தலைவர் கனிவாக. "அதனால உங்க விஷயத்தை ஒரே நேரத்துல நாலு துணைக்குழுவுக்கு அனுப்புறேன்."

வெப்பத் துணைக்குழு முதலில் கூடியது. பிராசசர் சூடாகாமல் இருக்க அதன் தலையில் விசிறியை வைக்குமுன் நடுவில் ஒரு பசை தடவ வேண்டும். பசையைப் பட்டாணி அளவு நடுவில் வைப்பதா, குறுக்கும் நெடுக்குமாகக் கோடு இழுப்பதா என்ற விவாதம் குழு தொடங்கிய நாளிலிருந்து நடந்து வந்தது. "களிம்புதானே? மெல்லிசா ஒரு தடவு தடவினாப் போதாதா?" என்றாள் மருந்தக்கா. ஒருவர் எழுந்து வெளியே போனார். விண்ணப்பதாரர் தீவிரக் கருத்துகள் உடையவர் என்று குறிப்பில் ஏறியது.

மின்சாரத் துணைக்குழு அவள் கணினிக்கு எவ்வளவு மின்சாரம் தேவை என்று கணக்குப் போட்டது. கணக்குச் சரியாகவே இருந்தது. பாதுகாப்புக்காக ஒருவர் அதில் கொஞ்சம் கூட்டினார். அவர் கூட்டியது தெரியாமல் அடுத்தவர் கொஞ்சம் கூட்டினார். தெரிந்தும் கூட்டினார் மூன்றாமவர், ஏனென்றால் அவர் துணைத்தலைவர். அது மேசையைச் சுற்றி வந்து முடிந்தபோது, தெருவுக்கே ஒரு புது டிரான்ஸ்பார்மர் வேண்டும் என்று மின்வாரியத்துக்கு எழுத வேண்டியதாயிற்று. மின்வாரியத்திலிருந்து ஒருவர் அவள் வீட்டுக்கு வந்து, என்ன ஆலை வைக்கப் போகிறீர்கள் என்று கேட்டார்.

"விளையாட," என்றார் கணவர். வந்தவர் அதையே எழுதிக்கொண்டு போனார்.

ஒளித் துணைக்குழு, கணினியின் கூட்டுக்குள் என்ன நிறத்தில் விளக்கு எரிய வேண்டும் என்று கேட்டது. விளக்கே வேண்டாம் என்றாள். குழுவின் அமைப்பாளர் நல்ல மனிதர், கோபப்படவில்லை. "விளக்கு இல்லாம வேகம் எப்படிம்மா வரும்?" என்று மட்டும் கேட்டார். ஒயர்த் துணைக்குழுவின் ஒரே உறுப்பினர், உள்ளே ஓடும் ஒயர்கள் வெளியே தெரியாதபடி மறைக்கப்படும் என்று அவளிடம் உறுதிமொழி வாங்கினார். ஒயரே இன்னும் வாங்கவில்லையே என்றாள். "அதுதான் மறைக்கறதுக்கு நல்ல நேரம்," என்றார்.

மருந்தக்காவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. மருந்தகத்தில் நிற்கும்போது போனையே எடுத்து எடுத்துப் பார்த்தாள். இருமல் மருந்துக்குச் சீட்டு நீட்டியவரிடம், சங்கத்தில் பிராசசருக்குக் கேட்பதுபோல, "எந்தத் தலைமுறை?" என்று கேட்டுவிட்டாள். அவர் நிதானமாக, "மூணாவதும்மா. எங்க தாத்தா காலத்துல இருந்தே இருமல்தான்," என்றார். வீட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே எதையோ கூட்டிக் கழித்தாள்.

"ஒரு டப்பாவுக்கு இவ்வளவு பொருத்தமா?" என்றார் கணவர். "நம்ம கல்யாணத்துக்கே பத்து பொருத்தத்தோட விட்டுட்டாங்க."

ஒரு சனிக்கிழமை நல்ல செய்தி வந்தது. நாலு துணைக்குழுவும் ஒப்புதல் கொடுத்துவிட்டன என்று அவளை வரச் சொல்லியிருந்தார்கள். தலைவர் பேனாவைத் திறந்தார். கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. அப்போது செயலாளர் மூச்சிரைக்க எழுந்து நின்றார்.

"ஐயா, புதுத் தலைமுறை அறிவிச்சுட்டாங்க! புது பிராசசர், புது கார்டு, எல்லாமே புதுசு!"

மேசையின் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் எழுந்து நின்று கைதட்டின. தலைவர் பேனாவை மூடினார். "இந்த நிமிஷத்துல இருந்து இதுவரைக்கும் குடுத்த ஒப்புதல் எல்லாம் பழைய தலைமுறைக்கானது," என்றார். "நீங்க அதிர்ஷ்டசாலிம்மா. ஒரு நாள் முந்தியிருந்தா வாங்கித் தொலைச்சிருப்பீங்க."

மாடிப்படி இறங்கும்போது போன் அடித்தது. "அக்கா, கப்பல் முன்னாடியே கிளம்புது. திங்கக்கிழமை காலையில ஏறணும்." மூச்சுச் சத்தம். "பரவாயில்ல விடு. அடுத்த தடவை பாப்போம்."

அவளால் பரவாயில்லை என்று விட முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் தலைவரின் வீட்டைத் தேடிக்கொண்டு போனாள்.

கதவைத் திறந்தது தலைவரின் மனைவி. கூடத்தின் நடுவில், ஒரு மேசை மேல், கண்ணாடிச் சுவர் வைத்த கணினிக் கூடு நின்றது. உள்ளே நீலம், சிவப்பு, பச்சை என்று விளக்குகள் மாறி மாறி எரிந்தன. மருந்தக்கா அப்படியே நின்றுவிட்டாள். இவ்வளவு அழகான ஒன்றை வைத்திருப்பவரைப் போய் மனதுக்குள் திட்டினோமே என்று இருந்தது. கிட்டே போய்க் குனிந்து பார்த்தாள். உள்ளே ஒரு பூனை தூங்கிக்கொண்டிருந்தது. பூனையைத் தவிர வேறு எதுவும் இல்லை.

"விளக்கு மட்டும்தான்ம்மா," என்றார் தலைவரின் மனைவி. "பூனைக்கு இதமா இருக்கு."

தலைவர் உள்ளேயிருந்து வந்தார். மேசையும் கைதட்டலும் இல்லாமல் சற்றுக் குள்ளமாகத் தெரிந்தார்.

"சார், நீங்க எதுல விளையாடுவீங்க?" என்று கேட்டாள். கேலியாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரியவில்லை.

"நான் இன்னும் தேர்வு நிலையிலதான் இருக்கேன்."

"எங்க பொண்ணு ஸ்கூலுக்குப் போறப்ப ஆரம்பிச்ச தேர்வு," என்றார் மனைவி. "இப்ப அவ பொண்ணு ஸ்கூலுக்குப் போறா."

தலைவர் நாற்காலியில் உட்கார்ந்தார். "சிரிக்காதீங்க. நான் வேலை பாத்த காலமெல்லாம் நொறுங்கின வண்டிகளையே பாத்தவன். ஒவ்வொரு வண்டியும் யாரோ ஒருத்தர் 'இது போதும்'னு சொல்லி வாங்கினதுதான். அந்த வார்த்தை என் வாயில வரவே மாட்டேங்குது."

மருந்தக்காவுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது அழுகை. அதை அடக்கிக்கொண்டு சொன்னாள். "நாளைக்கு அவன் கப்பல் ஏறிடுவான் சார். எங்கம்மா போனப்பவும் கடல்லதான் இருந்தான். அதைப் பத்தி இன்னிக்கு வரைக்கும் நாங்க ரெண்டு பேரும் ஒரு வார்த்தை பேசினதில்ல. இறுகினா இறுகட்டும், நொறுங்கினா நொறுங்கட்டும். இன்னிக்கு ஒரு நாள் ஓடினாப் போதும் எனக்கு."

தலைவரின் மனைவி படுக்கையறைக்குள் போனார். கட்டிலுக்கு அடியில் எதையோ இழுக்கும் சத்தம் கேட்டது. ஒரு பெட்டி வந்தது. இன்னொன்று வந்தது. பிறகு வந்துகொண்டே இருந்தது. பிராசசர், கார்டு, அவற்றை மாட்டும் பலகையான மதர்போர்டு, விசிறி, எல்லாம் ஒட்டு பிரிக்காத பெட்டிகளில். ஒவ்வொரு தலைமுறைக்கும் ஒரு முழுத் தொகுதி வாங்கி, பிரிக்கப் போகும்போது அடுத்த தலைமுறை வந்துவிட, அப்படியே கட்டிலுக்கு அடியில் தள்ளியிருக்கிறார்.

"எடுத்துட்டுப் போம்மா," என்றார் மனைவி. "விலையெல்லாம் பின்னால பேசிக்கலாம். நானும் கட்டிலுக்கு அடியில கூட்டிப் பல காலமாச்சு."

"அது பழசு!" என்று தலைவர் எழுந்தார். "போன தலைமுறைக்கும் முந்தினது!" ஆனால் மருந்தக்கா மதர்போர்டுப் பெட்டியைத் தலைகீழாகத் தூக்கியதைப் பார்த்ததும் அவரால் பொறுக்க முடியவில்லை. பிடுங்கித் தானே வைத்துக்கொண்டார். அதை வைத்துக்கொண்டே ஆட்டோவில் ஏறினார். அதை வைத்துக்கொண்டே அவள் வீட்டுச் சாப்பாட்டு மேசை முன் வந்து நின்றார்.

கூடு இல்லாததால் மதர்போர்டு வந்த அட்டைப்பெட்டி மேலேயே எல்லாவற்றையும் மாட்டினார்கள். எது எங்கே போக வேண்டும் என்பது தலைவருக்கு மனப்பாடம். ஒவ்வொரு திருகாணியின் பேரும் சொன்னார். ஆனால் ஸ்க்ரூ டிரைவரைக் கையில் கொடுத்ததும், "எந்தப் பக்கம் திருப்பணும்?" என்று கேட்டார். கணவர் வாங்கித் திருப்பினார். பசை தடவும் கட்டம் வந்தபோது தலைவர் கண்ணை மூடிக்கொண்டார். மருந்தக்கா கடையில் போடும் கையுறையைப் போட்டுக்கொண்டு மெல்லிசாக ஒரு தடவு தடவினாள்.

பொத்தானை அழுத்தினாள். எதுவும் ஆகவில்லை. மறுபடி அழுத்தினாள்.

"நான் சொன்னேனே," என்றார் தலைவர். குரலில் துக்கம் இருந்தது, லேசாக ஒரு நிம்மதியும் இருந்தது.

கணவர் குனிந்து சுவரில் சுவிட்சைப் போட்டார். விசிறி சுற்றியது. திரையில் வெளிச்சம் வந்தது. தலைவர் ஒரு அடி பின்வாங்கினார், யாரோ பேர் சொல்லிக் கூப்பிட்டதுபோல.

விளையாட்டை ஏற்றி முடிக்கப் பிற்பகல் ஆகிவிட்டது. காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு மருந்தக்கா பனியில் நின்றாள். எதிரே சிவப்புச் சட்டையில் தம்பி. இடுப்பில் கயிறு. ஏறினார்கள். அவள் பாதி நேரம் விழுந்தாள். அவன் இழுத்தான். இழுத்துக்கொண்டே பேசினான். கப்பல் சமையல்காரரின் குறட்டையைப் பற்றி, இரைச்சலில் ஒரு காது மந்தமானதைப் பற்றி, அதை யாரிடமும் சொல்லாததைப் பற்றி. அவன் குரலை இவ்வளவு நேரம் சேர்ந்தாற்போல அவள் கேட்டதே இல்லை.

ஒரு செங்குத்தான இடத்தில் அவன் திடீரென்று கேட்டான். "அம்மா கடைசியா என்ன சொன்னா?"

அவள் கை பொத்தானிலேயே நின்றது. "உன்னைத்தான் கேட்டா. வந்துட்டானான்னு."

"நீ என்ன சொன்னே?"

"வந்துட்டான்னு சொன்னேன்டா. அவளுக்குக் கண்ணு தெரியல அப்போ. மாமாதான் பக்கத்துல உக்காந்து கையைக் குடுத்தார். நீன்னு நினைச்சு கெட்டியாப் பிடிச்சுக்கிட்டா."

பின்னால் நின்றிருந்த கணவர் மெதுவாகச் சமையலறைக்குள் போனார். சிவப்புச் சட்டை வழுக்கியது. கயிறு விறைத்தது. தம்பி பள்ளத்தின் மேல் ஆடிக்கொண்டு தொங்கினான்.

"இழு அக்கா," என்றான். குரல் உடைந்திருந்தது.

"இழுக்கறேன்டா. அழுவாதே. எனக்கு எந்தப் பொத்தான்னு தெரியல."

திரையில் பனிக்காற்று கூடியது. மூலையில் ஓடிக்கொண்டிருந்த பிரேம் எண் மளமளவென்று இறங்கியது. தலைவர் அதைப் பார்த்தார். வாயைத் திறந்தார். பிறகு மேசையில் கிடந்த மருந்துச் சீட்டு ஒன்றை எடுத்து, அந்த மூலையை மறைத்துப் பிடித்துக்கொண்டார். கை வலித்திருக்கும். ஆனாலும் எடுக்கவில்லை.

தம்பி மேலே வந்து சேர்ந்தான். சற்று நேரம் இருவரும் பனியில் சும்மா நின்றார்கள்.

"மாமாவைக் கூப்பிடேன்," என்றான்.

"சமையலறையில தண்ணி குடிக்கிறார்."

"இவ்வளவு நேரமாவா?"

"ஆமாண்டா. இவ்வளவு நேரமா."

மறுநாள் தம்பி கப்பல் ஏறினான். சங்கம் தூங்கவில்லை. ஒப்புதல் பெறாத பழைய பாகங்களைக் கொண்டு கணினி கட்டியதற்காக விண்ணப்பதாரர் மீதும், அதற்கு உடந்தையாக இருந்து அதை இயங்கவும் விட்டதற்காகத் தலைவர் மீதும் நடவடிக்கை எடுக்கக் கூட்டம் கூட்டப்பட்டது. மருந்தக்கா நேரில் வந்து, "நல்லா ஓடுதுங்க, யார் வேணாலும் வந்து பாக்கலாம்," என்றாள். யாரும் எழுந்திருக்கவில்லை.

"மேடம், ஓடுறதுங்கறது பொருத்தத்துக்குச் சான்று ஆகாது," என்றார் செயலாளர். "பொருந்தாததுகூட ஓடும். உலகத்துல முக்கால்வாசி அப்படித்தான் ஓடிக்கிட்டிருக்கு. அதைத் தடுக்கத்தான் நாங்க இருக்கோம்."

தலைவர் வரவில்லை. செயலாளர் போன் போட்டு, எல்லாரும் கேட்கும்படி மேசை மேல் வைத்தார். நீண்ட நேரம் மணி அடித்த பிறகு தலைவர் எடுத்தார். மூச்சு வாங்கியது.

"ஐயா, உங்க மேலதான் விசாரணை. எல்லாரும் காத்துக்கிட்டிருக்கோம்."

"இப்ப வர முடியாது," என்றார் தலைவர். "பனிப்புயல்ல மாட்டிக்கிட்டோம்."

"என்னது?"

அவருக்குப் பின்னாலிருந்து அவர் மனைவியின் குரல் கேட்டது. "யாருகிட்ட பேசறீங்க இந்த நேரத்துல? கயித்தைப் பிடிங்க! நான் தொங்கறேன்!"

போன் அணைந்தது. செயலாளர் சற்று யோசித்தார். வராததற்குத் தகுந்த காரணம் இருந்தால் விசாரணையை நடத்தக் கூடாது என்று விதி இருந்தது. இயற்கைச் சீற்றம் தகுந்த காரணங்களில் முதலாவது. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த உறுப்பினர் எட்டி வெளியே பார்த்தார். தெருவில் தார் உருகும் வெயில். நிழலுக்காக ஒரு நாய் லாரிக்கு அடியில் ஊர்ந்து போனது. அவர் தலையை உள்ளே இழுத்துக்கொண்டு பேசாமல் இருந்தார்.

புயல் ஓயும்வரை கூட்டத்தை ஒத்திவைப்பது என்று ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது.